திரையில் ஓடியது பழைய படம்: ஒரு விஆர் பயிற்சிக் கூடத்தில் பறிபோன மூன்று மதிப்பெண்கள்

என்னிடம் வந்த வேலை சின்னதுதான். "புரொஜெக்டரில் படம் மங்கலாக இருக்கிறது, கொஞ்சம் தெளிவாக்கிக் கொடுங்கள்" என்றார்கள். மின் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கூடம் அது. ஒருவர் கண்முன் மெய்நிகர் உலகைக் காட்டும் விஆர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மின் பேனல் முன்னால் நிற்பதுபோல் பயிற்சி செய்வார், அவர் உள்ளே பார்க்கிற காட்சி லேப்டாப் வழியாகப் பெரிய திரையில் ஓடும், பயிற்சியாளரும் மற்ற 15 பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் போனேன், படத்தைத் தெளிவாக்கினேன், எல்லோரும் நன்றி சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து நடந்த மதிப்பீட்டில் ஒரு தம்பி தேறவில்லை. அதற்கு நான் தெளிவாக்கிக் கொடுத்த படமும் ஒரு காரணம் என்று புரிய மேலும் ஒரு வாரம் ஆனது.

ஹெட்செட் படத்தைக் கணினித் திரைக்குக் கொண்டுவருவது எப்படி என்று தேடினால் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்பது வரைக்கும் விளக்கம் கிடைத்துவிடும். திரையில் வந்த படத்தை நம்பி ஒருவருக்கு மதிப்பெண் போடலாமா என்பதற்கு எனக்கு எங்கேயும் விளக்கம் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை முழுதாக எழுதி வைக்கிறேன்.

அந்தப் பயிற்சி என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மதிப்பெண் விஷயம் புரியாது. மின்சாரம் ஓடுகிற பேனலில் வேலை செய்வதற்கு முன் இணைப்பைத் துண்டிக்க வேண்டும், வேறு யாரும் திரும்பப் போட்டுவிடாதபடி பூட்டுப் போட்டு, யார் வேலை செய்கிறார் என்று எழுதிய டேக்கைத் தொங்கவிட வேண்டும், அப்புறம் டெஸ்டர் வைத்து உண்மையிலேயே மின்சாரம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். இதில் பலரும் விட்டுவிடுகிற படி ஒன்று உண்டு. டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கிற இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு நாம் தொடப்போகிற டெர்மினலில், அதாவது கம்பி இணைகிற முனையில், வைக்க வேண்டும், மறுபடியும் மின்சாரம் இருக்கிற இடத்தில் வைத்து டெஸ்டர் இடையில் செத்துப்போகவில்லை என்று பார்க்க வேண்டும். மூன்றாவது படி அரை நொடி வேலை. அதைச் செய்யாமல் விட்டு, பழுதான டெஸ்டர் காட்டிய "மின்சாரம் இல்லை" என்பதை நம்பிக் கை வைத்தால் உயிர் போகும். பயிற்சியாளர் 20 வருடத்துக்கு மேல் பேனல்களோடு வேலை பார்த்தவர், இந்தப் படியில் அவர் யாருக்கும் இரக்கம் காட்ட மாட்டார். காட்டக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

அந்தத் தம்பிக்கு மூன்று இடத்தில் மதிப்பெண் போயிருந்தது. டெஸ்டரைத் திரும்பச் சரிபார்க்கவில்லை என்று ஒன்று. "நிறுத்து" என்று சொன்ன பிறகும் கையை நிறுத்தவில்லை என்று ஒன்று. பக்கத்து டெர்மினலை நோக்கிக் கையைக் கொண்டுபோனார், சொன்ன பிறகுதான் திருத்திக்கொண்டார் என்று இன்னொன்று. அவர் ஒரே ஒரு வரிதான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "சார், நான் மூன்றாவது தடவையும் வைத்தேன் சார்." அறையிலிருந்த 15 பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் வைத்ததை ஒருவரும் பார்க்கவில்லை. அவ்வளவு பேர் பார்க்கவில்லை என்னும்போது ஒரு ஆள் சொல்வதற்கு என்ன மதிப்பு இருக்கும்?

பயிற்சிச் செயலி ஒவ்வொரு செயலையும் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்பை அதுவரை யாரும் திறந்து பார்த்ததில்லை, திரைதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். திறந்து பார்த்தோம். மூன்றாவது சரிபார்ப்பு அதில் இருந்தது. தம்பி டெஸ்டரை வைத்திருக்கிறார், எடுத்திருக்கிறார், இரண்டுக்கும் இடையே அரை நொடிக்குச் சற்று அதிகம். அவர் சொன்னது உண்மை.

அப்படியானால் திரையில் ஏன் வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

படம் எப்படி அங்கே வந்து சேர்கிறது

ஹெட்செட்டில் இரண்டு வகை இருக்கிறது, மிரரிங், அதாவது ஹெட்செட் படத்தை அப்படியே வெளித்திரையில் காட்டுவது, என்று வரும்போது இரண்டும் முற்றிலும் வேறு. கணினியோடு கேபிளில் இணைத்து ஓட்டுகிற வகையில் படத்தை உருவாக்குவதே கணினிதான், ஹெட்செட் வெறும் திரை மாதிரி. அதனால் அதே படத்தைக் கணினித் திரையில் ஒரு ஜன்னலில் காட்டுவது பெரிய வேலை இல்லை. ஸ்டீம்விஆர் போன்ற, கணினியில் விஆரை ஓட்டும் மென்பொருள்களில் அதற்கென்று ஒரு ஜன்னலே இருக்கிறது, இடது கண்ணா வலது கண்ணா இரண்டுமா என்றுகூடத் தேர்ந்தெடுக்கலாம். இந்த வகையில் எனக்குப் பெரிய சிக்கல் வந்ததில்லை.

கூடத்தில் இருந்தது இன்னொரு வகை, தலையிலேயே கணினியைச் சுமக்கிற தனித்து இயங்கும் ஹெட்செட். அடிப்படையில் ஆண்ட்ராய்டில் ஓடுகிற ஒரு கைப்பேசி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் படம் ஹெட்செட்டுக்குள்ளேயே உருவாகிறது. வெளியே காட்ட வேண்டுமென்றால் அதே சிப் அந்தப் படத்தை வீடியோவாகச் சுருக்க வேண்டும், வைஃபையில் அனுப்ப வேண்டும், ரவுட்டர் அதை வாங்கி லேப்டாப்புக்குக் கொடுக்க வேண்டும், லேப்டாப் அதை விரித்துப் பிரவுசரில் காட்ட வேண்டும், அங்கிருந்து கேபிளில் புரொஜெக்டருக்குப் போக வேண்டும், புரொஜெக்டர் தன் பங்குக்குப் படத்தைக் கொஞ்சம் சீர்படுத்திவிட்டுத்தான் சுவரில் போடும். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் நேரம் போகிறது. ஹெட்செட்டுக்குள் தலையைத் திருப்புவதற்கும் காட்சி மாறுவதற்கும் இடையே 20 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்று அதைச் செய்பவர்கள் படாதபாடு படுகிறார்கள், ஏனென்றால் அதற்கு மேல் போனால் மாட்டியிருப்பவருக்குத் தலை சுற்றும். சுவரில் விழுகிற படத்துக்கு அப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது.

நான் செய்த தவறு

முதல் நாள் போனபோது படம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது. படத்தின் அளவையும், நொடிக்கு எவ்வளவு தரவு அனுப்புவது என்கிற பிட்ரேட்டையும் உயர்த்தினேன், உடனே எழுத்தெல்லாம் தெளிவாகப் படிக்க முடிந்தது. நின்ற இடத்திலிருந்து ஒரு நிமிடம் பார்த்தேன், அசைவு கொஞ்சம் திக்கித் திக்கி வந்தது, சரி, வைஃபை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தவறினேன். ஏற்கெனவே நெரிசலான வழியில் நான் இன்னும் பெரிய வண்டியை அனுப்பியிருக்கிறேன். வைஃபையில் எல்லோருக்கும் ஒரே காற்றுவெளிதான், ஒருவர் அனுப்பும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். அனுப்ப வேண்டியது அதிகமானால் வரிசை நீளும். வரிசை நீண்டால் பெறுகிற பக்கம் ஒரு தந்திரம் செய்யும்: படம் திக்காமல் ஓட வேண்டும் என்பதற்காக வந்த படங்களைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு நிதானமாகக் காட்டும். பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், ஆனால் பார்ப்பது பழைய படம். அதையும் மீறி நெரிசல் வந்தால் படம் ஒரு கணம் உறைந்து, பின் தாவி, இப்போதைய இடத்துக்கு வரும். தாவிய துண்டில் என்ன நடந்தது என்பது யாருக்கும் தெரியாது.

அரை நொடி வேலையான மூன்றாவது சரிபார்ப்பு அப்படி ஒரு தாவலுக்குள் விழுந்துவிட்டது. முதல் மதிப்பெண் போன கதை இதுதான்.

ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று தேடினால் அறைக் கோடியில் ஒரு இரும்பு அலமாரிக்குள் இருந்தது. பழைய ரவுட்டர், நெரிசல் அதிகமான 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான். ஏன் அங்கே வைத்தார்கள் என்று விசாரித்தபோது பின்னணி தெரிந்தது. கூடத்தின் பொது வைஃபையில் ஒரு சாதனம் இன்னொரு சாதனத்தோடு பேச முடியாதபடி தடுத்து வைத்திருந்தார்கள், விருந்தினர் வைஃபைக்கு அது நல்ல பாதுகாப்புதான், இணையம் வரும், ஆனால் ஹெட்செட்டும் லேப்டாப்பும் ஒன்றையொன்று பார்க்காது. காஸ்டிங் (வைஃபை வழியாக மிரரிங் செய்வது) தொடங்கினாலே இணைப்பு கிடைக்கவில்லை என்று வந்திருக்கிறது. முன்பு இருந்த யாரோ ஒருவர் கையில் கிடைத்த பழைய ரவுட்டரைப் போட்டு ஒருவழியாக ஓட வைத்திருக்கிறார், யாரும் கழற்றிவிடக் கூடாதே என்று அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். நல்ல எண்ணத்தில் செய்த காரியம். ஆனால் இரும்புப் பெட்டிக்குள் இருந்து ரேடியோ அலை எவ்வளவுதான் வெளியே வரும்? அதோடு பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கைப்பேசிகளும் அதே ரவுட்டரில் இருந்தன. லேப்டாப்பும் வைஃபையில்தான் இருந்தது, அதாவது ஒவ்வொரு படமும் ஹெட்செட்டிலிருந்து ரவுட்டருக்கு ஒரு தடவை, ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு இன்னொரு தடவை என்று ஒரே காற்றை இரண்டு முறை கடந்துகொண்டிருந்தது. இதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை.

தாமதத்தை அளந்தது

கண்ணால் பார்த்து "கொஞ்சம் லேட்டாகத்தான் வருகிறது" என்று சொல்வதில் பயன் இல்லை, ஒரு எண் வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் படம் எடுக்கும் கைப்பேசி இருந்தால் போதும். ஹெட்செட் மாட்டியவர் கன்ட்ரோலரைப் பிடித்துக் கையை அசைக்காமல் நிற்க வேண்டும், பிறகு சட்டென்று பக்கவாட்டில் வெட்டி இழுக்க வேண்டும். அவருடைய கையும் சுவரில் இருக்கிற திரையும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி கைப்பேசியை வைத்துப் படம் பிடிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளிக்கொண்டே போய், நிஜக் கை அசைந்த ஃபிரேமுக்கும் திரையில் இருக்கிற கை அசைந்த ஃபிரேமுக்கும் இடையே எத்தனை என்று எண்ண வேண்டும். ஒரு ஃபிரேம் என்பது சுமார் 4 மில்லிநொடி.

எண்ணினேன். நல்ல நேரத்தில் 150 சொச்சம், மோசமான நேரத்தில் 300 ஃபிரேம். அதாவது அரை நொடியைத் தாண்டியதில் தொடங்கி ஒன்றேகால் நொடி வரை. எண்ணி முடித்ததும் எனக்கு மனம் கனத்துவிட்டது. "நிறுத்து" என்று பயிற்சியாளர் சொன்னது ஒரு நொடிக்கு முந்தைய கைக்கு. அந்தக் கை வேலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கும். அந்தத் தம்பிக்கு அடுத்த வேலையின் நடுவில் "நிறுத்து" என்று கேட்கிறது, எதை நிறுத்தச் சொல்கிறார் என்று புரியாமல் ஒரு கணம் தயங்கி, பிறகு செய்துகொண்டிருந்த சரியான வேலையைத் தொடர்கிறார். அந்தத் தொடர்ச்சி திரையில் வரும்போது, சொன்ன பேச்சைக் கேட்காத ஆள் மாதிரி இருக்கிறது. இரண்டாவது மதிப்பெண் இப்படிப் போனது.

இதைப் பயிற்சியாளரிடம் எண்களாகச் சொல்லிப் பார்த்தேன். "ஒரு நொடி எல்லாம் ஒரு விஷயமா தம்பி?" என்று கேட்டார். சரி, நீங்களே மாட்டிப் பாருங்கள் சார் என்று ஹெட்செட்டை அவர் தலையில் மாட்டிவிட்டு, தேறாத அந்தத் தம்பியைத் திரைக்கு முன்னால் நிற்க வைத்து, திரையில் பார்த்து அவருக்கு வழி சொல்லச் சொன்னேன். தம்பி முதலில் தயங்கினார், பிறகு மரியாதையாகவே சொன்னார்: "சார், இன்னும் கொஞ்சம் இடது... போதும் சார்... கையை எடுங்க சார்." நான்கைந்து கட்டளை ஆனதும் பயிற்சியாளர் ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இவர் சொல்வது எல்லாமே நான் செய்து முடித்த பிறகு வருகிறதே" என்றார். அதற்குப் பிறகு எந்த எண்ணையும் நான் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

நேரம் எங்கெங்கே போகிறது என்று பிரித்துப் பார்ப்பது அடுத்த வேலை. லேப்டாப்பின் சொந்தத் திரையையும் சுவரையும் ஒரே சட்டத்தில் எடுத்தால் புரொஜெக்டர் மட்டும் எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துவிடும். 30 ஃபிரேமுக்கு மேல் வந்தது, கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு நொடி. புரொஜெக்டரை ஓரமாக வைத்திருந்ததால் கோணலான படத்தை நேராக்கும் கீஸ்டோன் திருத்தம் போட்டிருந்தார்கள், அதோடு படத்தை மெருகேற்றுகிற வசதிகளும் ஓடிக்கொண்டிருந்தன. புரொஜெக்டரைத் திரைக்கு நேராக நகர்த்திக் கீஸ்டோனை எடுத்துவிட்டு, படத்தை மெருகேற்றாமல் உடனே காட்டுகிற கேம் மோடில் போட்டதும் அந்தத் தாமதம் பெருமளவு குறைந்தது. தொலைக்காட்சிப் பெட்டியில் காட்டுகிறவர்களும் இதைப் பார்த்துவிடுங்கள், அசைவை வழுவழுப்பாக்குகிற வசதி ஒன்று இருக்கும், அது அடுத்த படம் வரும்வரை காத்திருந்துதான் இடைப்பட்ட படத்தை உருவாக்க முடியும், அதனால் தாமதம் நிச்சயம். மீதி எல்லாம் வைஃபை.

மூன்றாவது மதிப்பெண்

இதுதான் எனக்குப் பிடிபட ரொம்ப நாள் எடுத்தது. தாமதத்தைக் குறைத்த பிறகும், சிலர் டெஸ்டரைக் கொண்டுபோகும்போது திரையில் அது பக்கத்து டெர்மினலை நோக்கிப் போவது போலவே தெரிந்தது, கடைசியில் மட்டும் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. மாட்டியிருப்பவரைக் கேட்டால் "நான் நேராகத்தானே கொண்டுபோனேன்" என்பார்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு விரலைத் தூரத்துப் பொருளுக்கு நேராகப் பிடியுங்கள், பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடுங்கள், விரல் நகர்ந்துவிடும். அதேதான். ஹெட்செட் இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் காட்டுகிறது, திரைக்கு அனுப்பும்போது பெரும்பாலும் ஒரு கண்ணின் படம்தான் வரும், இங்கே வந்தது இடது கண். பெரியவர்களின் கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் தூரம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: டெஸ்டர் முனை கண்ணிலிருந்து 25 சென்டிமீட்டரில் இருக்கிறது, டெர்மினல் 35 சென்டிமீட்டரில் இருக்கிறது, வலது கண்ணால் நேராக வைத்துக் குறி பார்க்கிறார். அதையே இடது கண்ணிலிருந்து பார்த்தால் முனை டெர்மினலுக்கு நேராக இருக்காது, சுமார் இரண்டரை சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ளித் தெரியும். பேனலில் இரண்டரை சென்டிமீட்டர் என்பது அடுத்த டெர்மினல். முனை நெருங்க நெருங்க அந்த வித்தியாசம் குறைந்து, தொடும்போது இல்லாமலே போய்விடும். "சொன்ன பிறகு திருத்திக்கொண்டார்" என்று தாளில் எழுதியிருந்தது இதைத்தான். திருத்துவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை, கை நேர்கோட்டில்தான் போயிருக்கிறது.

தம்பியை அழைத்து, இரண்டு கையையும் நீட்டி நடுவில் ஒரு சின்ன ஓட்டை விட்டு அதன் வழியாகத் தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னேன், பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னேன். இடது கண்ணை மூடியபோது புள்ளி அப்படியே இருந்தது, வலது கண்ணை மூடியதும் மறைந்தது. வலது கண் ஓங்கியவர். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். மாட்டியிருப்பவர் வலது கண்ணால் குறி பார்க்கிறார், அவரை எடைபோடுகிறவர் இடது கண்ணால் பார்க்கிறார்.

என்ன செய்தோம்

கேபிளா வைஃபையா என்று முதலில் ஒரு விவாதம் ஓடியது. கேபிளில் எடுப்பதற்கு நான் பயன்படுத்தியது எஸ்சிஆர்சிபிஒய் என்று எழுத்துகளாக எழுதி "ஸ்க்ரீன் காப்பி" என்று வாசிக்கிற இலவச நிரல். 2018-இல் வெளிவந்தது, ஆண்ட்ராய்டு கைப்பேசித் திரையைக் கணினியில் காட்டுவதற்காகச் செய்தது, ஆண்ட்ராய்டில் ஓடுகிற ஹெட்செட்டுக்கும் பொருந்துகிறது. செய்தவர்களே 35 முதல் 70 மில்லிநொடித் தாமதம் என்று சொல்கிறார்கள். இயல்பான பிட்ரேட் நொடிக்கு 8 மெகாபிட், யுஎஸ்பி 2.0 கேபிளே 480 தாங்கும் என்பதால் நெரிசல் என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் அறையில் கை அசைவிலிருந்து லேப்டாப் திரை வரை அளந்தபோது 25 ஃபிரேம் அளவில் வந்தது, அதாவது பத்தில் ஒரு பங்கு நொடி.

ஓட வைக்கும்போது இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஹெட்செட்டில் டெவலப்பர் மோடைப் போட்டு, கேபிள் வழியாகக் கணினி அதற்குள் நுழைய விடுகிற யுஎஸ்பி டீபக்கிங்கை அனுமதிக்க வேண்டும், அந்த அனுமதிக் கேள்வி ஹெட்செட்டுக்குள்ளேதான் வரும், மாட்டிப் பார்த்து ஒப்புக்கொள்ளாவிட்டால் லேப்டாப் பக்கம் எவ்வளவு நேரம் முயன்றாலும் ஒன்றும் நடக்காது. அடுத்தது கேபிள். சார்ஜ் ஏற்ற மட்டும் வருகிற கேபிளில் தரவுக் கம்பிகளே இருக்காது, ஹெட்செட் சார்ஜ் ஆகும், லேப்டாப்புக்கு அது இருப்பதே தெரியாது. ஒரு மணி நேரம் போனது எனக்கு.

இந்த வழியில் இன்னொரு நன்மை, இரண்டு கண்ணின் படமும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும், எந்தப் பகுதியை வெட்டிக் காட்ட வேண்டும் என்று கிராப் எண்களில் நாமே சொல்லலாம். வலது கண் பகுதியை வெட்ட ஒரு கட்டளைக் கோப்பு, இடது கண்ணுக்கு இன்னொன்று என்று இரண்டு வைத்துவிட்டேன், மாட்டுகிறவரின் ஓங்கிய கண்ணைக் கேட்டுவிட்டு அதற்கேற்ற கோப்பைத் திறந்தால் போதும்.

ஆனால் கேபிள் காலில் சுற்றும். முழுச் சுற்று திரும்பினால் கழுத்தை இழுக்கும். இந்தப் பயிற்சியில் பேனல் முன்னால் நிற்பதுதான் வேலை என்பதால் சமாளிக்கலாம், அறை முழுக்க நடக்கிற பயிற்சி என்றால் நான் கேபிளைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அதனால் மதிப்பீட்டுக்குக் கேபிள், அன்றாடப் பயிற்சிக்கு வைஃபை என்று வைத்துக்கொண்டோம். வைஃபைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் ஒன்றை அலமாரிக்கு வெளியே, ஹெட்செட் மாட்டுகிறவருக்குப் பக்கத்தில், தலை உயரத்துக்கு மேல் வைத்தோம். அதில் ஹெட்செட் ஒன்றுதான், லேப்டாப்பை ரவுட்டரோடு கம்பியில் இணைத்துவிட்டோம், கைப்பேசிகளுக்கு அந்தக் கடவுச்சொல் தரப்படவில்லை. பிட்ரேட்டை நான் உயர்த்தியதிலிருந்து பாதிக்குக் கீழே இறக்கினேன். கால் நொடிக்குள் வந்துவிட்டது, தாவலும் அபூர்வமாகிவிட்டது.

கடவுச்சொல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. காஸ்டிங் ஓடும்போதே ஒருவர் ஹெட்செட்டுக்குள் தன் கணக்கில் நுழைந்தார், காற்றில் மிதக்கிற விசைப்பலகையில் அவர் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தியது சுவரில் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. கணக்கில் நுழைந்து முடித்த பிறகுதான் மிரரிங்கைத் தொடங்க வேண்டும் என்று அன்றே எழுதி ஒட்டிவிட்டோம்.

பார்க்கிறவர்களின் தலைசுற்றல்

பார்வையாளர்களில் இருவர் ஒவ்வொரு முறையும் பாதியில் எழுந்து வெளியே போவார்கள். ஆர்வம் இல்லை என்று நினைத்திருந்தார்கள். கேட்டால் குமட்டுகிறது என்றார்கள். நாம் தலையை அசைக்கும்போது கண் தானாகவே எதிர்ப்பக்கம் சுழன்று காட்சியை நிலையாகப் பிடித்துக்கொள்கிறது, உள்காதிலிருந்து வரும் செய்தியால் நடக்கிற அனிச்சைச் செயல் அது. அதனால் மாட்டியிருப்பவருக்குத் தன் தலை எவ்வளவு ஆடுகிறது என்றே தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்த உதவி இல்லை, வேறொருவரின் தலையாட்டம் முழுதும் சுவர் அளவுக்கு அவர் கண்ணில் விழுகிறது.

படத்தை நிலைப்படுத்துகிற வசதி சில காஸ்டிங் கருவிகளில் இருக்கிறது, ஆனால் அது ஓரத்தை வெட்டிவிடும், நாங்கள் முயன்றதில் தாமதமும் கூடியது. இங்கேதான் கொஞ்ச நாள் முட்டி நின்றோம். பயிற்சியாளருக்கு உடனடியான படம் வேண்டும், ஆட்டத்தைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. பார்வையாளர்களுக்கு ஆடாத படம் வேண்டும், அரை நொடி தாமதமானால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அவர்கள் யாருக்கும் கட்டளை கொடுக்கவில்லை. ஒரே படத்தால் இருவரையும் திருப்திப்படுத்த நினைத்ததுதான் ஆரம்பத்திலிருந்தே இருந்த கோளாறு. இப்போது பயிற்சியாளர் லேப்டாப் திரையையே பார்க்கிறார், சுவருக்கு முதுகைக் காட்டி, ஹெட்செட் மாட்டியவரை நேரே பார்க்கிற மாதிரி உட்காருகிறார். அவரது ஓரக்கண்ணில் நிஜக் கையும் தெரிகிறது. சுவருக்குப் போகிற படம் சிறிதாக்கப்பட்டு, நிலைப்படுத்தப்பட்டு, கொஞ்சம் தாமதமாகவே போகிறது. முன்வரிசை நாற்காலிகளைப் பின்னால் தள்ளினோம். அந்த இருவரில் ஒருவர் இப்போது முழுநேரமும் உட்காருகிறார், இன்னொருவருக்கு இன்னும் சரியாகவில்லை, அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மாட்டியிருப்பவரின் பக்கத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். மிரரிங் ஓடும்போது அந்தச் சின்னச் சிப் இரட்டை வேலை பார்க்கிறது, சூடேறுகிறது, அளவை மிகவும் உயர்த்தினால் உள்ளே அவருக்குக் காட்சி திக்க ஆரம்பிக்கும். வெளியே இருக்கிற 15 பேருக்காக உள்ளே இருப்பவரைக் கஷ்டப்படுத்தக் கூடாது. படம் சுமாராக இருந்தால் பரவாயில்லை.

தாள்கள்

அந்தத் தம்பி மறுபடி மதிப்பீட்டுக்கு வந்தபோது நான் அங்கே இல்லை. கேபிளில், வலது கண் படத்தில், பயிற்சியாளர் நேருக்கு நேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், தம்பி தேறிவிட்டார். ஒரு மதிப்பெண் மட்டும் போயிருந்தது, டேக்கில் தேதி எழுத மறந்ததற்காக, அது நியாயமானது.

அதோடு விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன், பயிற்சியாளர் அப்படி நினைக்கவில்லை. அலமாரி ரவுட்டர் வந்த நாளிலிருந்து போட்ட மதிப்பெண் தாள்களை எல்லாம் வெளியே எடுத்து, "நிறுத்தவில்லை", "சரிபார்க்கவில்லை", "பக்கத்து டெர்மினல்" என்று எழுதிய ஒவ்வொன்றையும் தனியாக அடுக்கி வைத்திருந்தார். செயலியின் கோப்பு இருக்கிறவர்களுக்கு அதோடு ஒப்பிட்டுத் திருத்துகிறோம், நானும் மாலையில் போய் உட்காருகிறேன். கோப்பு அழிந்துபோனவர்களைத் திரும்பக் கூப்பிட்டு மறுபடி செய்து காட்டச் சொல்வது என்று அவரே முடிவு செய்திருக்கிறார். பாதித் தாள்கள் முடிந்திருக்கின்றன. தாளில் இப்போது புதிதாக இரண்டு கட்டங்கள் இருக்கின்றன, ஒன்றில் எந்தக் கண் என்று எழுத வேண்டும், இன்னொன்றில் அன்று காலை எண்ணிய ஃபிரேம்.